நான் பாடிய பிரெஞ்சுப் பாட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி மெட்ராஸ் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மார்க் அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்திருந்தேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். வாய்மொழித் தேர்வுதான் பயம்.

அந்த மொழியில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. 'பேசிக்கொண்டிருந்தார்கள்' என்ற வினையை ஒன்பது எழுத்தில் எழுதிவிட்டு 'பார்-லே' என்று இரண்டே அசையில் முடிக்க வேண்டும். கடைசி ஐந்து எழுத்துக்கும் சேர்த்து ஒரே 'ஏ'. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் அதே பார்-லே. 'நாங்கள்' வந்தால் பார்-லியோன், 'நீங்கள்' வந்தால் பார்-லியே. அசைக்கு ஒரு தட்டு என்று மேசையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தார் ஆசிரியை. நான் ரயிலில் தொடையில் தட்டிச் சொல்லிப் பார்ப்பேன்.

தேர்வு நெருங்கும்போது கவரைப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பரீட்சை முடியும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது என்று வாக்குக் கொடுத்த அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு பாட்டு பாடும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மறை கழன்ற கேஸ் என்று என்னை நினைத்து அவர்களே எழுந்து போகட்டும் என்று தோன்றியது. தொடையில் தட்டி, "ஜ பார்-லே, த்யூ பார்-லே, இல் பார்-லே" என்று ஆரம்பித்தேன். முடித்து நிமிர்ந்தால் அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். கை மடியில் தாளம் போடுகிறது.

"இன்னா அழகா பாடுது. இது இன்னா பாஷை?"

"பிரெஞ்சுங்க" என்றார் அப்பா, பெருமை பிடிபடாமல்.

"இவ்ளோ தெரிஞ்சிக்கினு இன்னும் இன்னாத்துக்குப் படிப்பு? போதும்."

தாம்பூலத் தட்டு அங்கேயே கைமாறியது. விரட்டுவதற்குச் சொன்னதே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

அவர்கள் போனதும், "நைனா, பரீட்சை?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"முகூர்த்தம் அதுக்கு மறுநாளு அமைஞ்சிருச்சு. பந்தக்கால் நட்டாச்சின்னா பொண்ணு ஊட்டைத் தாண்டக் கூடாதும்மா."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அழுகைகூட வரவில்லை.

தேர்வன்று காலை மஞ்சள் பூசி என்னை மணையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் நலங்கு வைக்க வந்திருந்தார்கள். நான் ஏறியிருக்க வேண்டிய மெட்ராஸ் ரயில் ஊதிவிட்டுப் போனது.

"அந்த பிரெஞ்சுப் பாட்டை இன்னொரு தபா பாடும்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மாமியாராகப் போகிறவர்.

தொடையில் கையை வைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த அப்பா சிரித்தபடி சொன்னார்: "வெக்கப்படுதுங்க."