ஜேபிஜியாகக் கொடும்மா

என் ஆய்வு முழுக்க மீமிசல் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். மழைக்கு முன்னும் பின்னும் அதில் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மென்பொருளில் மெல்லிய கோடுகளாக வரைந்திருந்தேன். இப்படிப்பட்ட படத்தை பிடிஎஃப்பாக எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாது. பிஎன்ஜியும் மோசமில்லை. ஜேபிஜி கல்யாண போட்டோவுக்குச் சரி. கோடுகளை அது ஓரம் ஓரமாகக் கடித்துத் துப்பிவிடும்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு எல்லாமே வாட்ஸப்தான். "ஜேபிஜியாக் கொடும்மா, மத்ததெல்லாம் என் போன்ல தெறக்க மாட்டேங்குது" என்பார். அனுப்பினால் அப்படியே டைப்பிங் சென்டருக்குத் தள்ளிவிடுவார். வைவாவுக்கான, அதாவது தேர்வாளர் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கான ஸ்லைடுகளும் அங்கேதான் தயாராயின. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் படம் கொஞ்சம் செத்தது. வாயைத் திறக்க முடியுமா? அவர் கையெழுத்து இல்லாமல் பிஎச்டி இல்லை. பிஎச்டி இல்லாமல் எனக்கு நிரந்தர வேலை இல்லை.

வைவா அன்று திரையில் பச்சைக் கோடும் நீலக் கோடும் கூழாகிக் கிடந்தன. எண்களைச் சுற்றி அழுக்கு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல மழைக்கு முன்னாடி எது, பின்னாடி எது?"

மனப்பாடமாகச் சொன்னேன்.

"நீ சொல்றத நான் ஏம்மா நம்பணும்? படத்துல காட்டு."

"லேப்டாப்ல தெளிவான பிடிஎஃப் இருக்கு சார்."

"வைவால புதுசா எதையும் காட்டக் கூடாது" என்றார் என் வழிகாட்டி. பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன் சார், கேக்க மாட்டேன்னுருச்சு" என்றார். அந்த மனிதரை வெறுத்தது போல நான் யாரையும் வெறுத்ததில்லை. படங்களைத் திருத்தி மறுபடி வைவா வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் பக்கம் வைவா என்றால் தேர்வாளருக்குச் சாப்பாடு மாணவர் வீட்டுப் பொறுப்பு. எந்த விதியிலும் கிடையாது, ஆனால் மீறியவர்களும் கிடையாது. கறம்பக்குடியிலிருந்து பிரியாணி அண்டாவோடு வந்த அப்பா பக்கத்து அறையில் இலை போட்டுக் காத்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்குள் இருவரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

"நல்லா சாப்பிடுங்க சார். எங்க வம்சத்துலயே எம்பொண்ணுதான் மொத டாக்டரு."

தேர்வாளர் தலை நிமிரவில்லை. என் வழிகாட்டி எலும்பை உறிஞ்சி இலையோரம் வைத்தார்.

"கறி கொஞ்சம் வேகாம இருக்குங்க. அடுத்த வைவாவுக்கு இன்னும் நல்லா வேக வைக்கச் சொல்லுங்க."

கரண்டியைப் பிடித்தபடியே அப்பா என்னைப் பார்த்தார்.

"அடுத்த வைவாவா?"