ஊமத்தம்பூவும் என் சத்தியப்பிரமாணமும்

என் மனுசன் கடவுளோடு ஒப்பந்தம் போடும்போது என்னைக் கேட்பதில்லை. இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகப் பதில் வராமல் கிடந்த காலத்தில், எனக்கு அது கிடைத்தால் ஆனி உத்தரத்தன்று நடராசருக்கு ஊமத்தம்பூ மாலை சாத்துவதாக அவர் நேர்த்தி வைத்துவிட்டார். விண்ணப்பம் என்னுடையது. வரிசையில் நின்று வீங்கிய கால் என்னுடையது. மொழிப் பரீட்சை எழுதியவளும் நான்தான். நேர்த்தி மட்டும் அவருடையது.

"ரோசாப்பூ எண்டு வைச்சிருக்கக்கூடாதோ?" என்று கேட்டேன்.

"ரோசாப்பூ எல்லாரும் குடுப்பினம்," என்றார், ஏதோ ஏலத்தில் நிற்பவர் போல.

அவருடைய அவசரம் எனக்கு விளங்காமல் இல்லை. மகள் நாலு வயதில் என் இடுப்பில் இருந்தபடி பலெர்மோவுக்கு வந்தவள். வருகிற ஆவணியில் அவளுக்குப் பதினெட்டு. அதற்கு முன் நான் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டால், என்னோடு வசிக்கிற பிள்ளை என்பதால் அவளும் என்னோடு சேர்ந்து இத்தாலியர் ஆகிவிடுவாள். பதினெட்டு ஆனபிறகு எடுத்தால் அவள் தன்பாட்டில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். போன வருடம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் லண்டன் போனபோது, விசா கிடைக்காமல் இவள் மட்டும் வீட்டில் இருந்தாள். எனக்கு ஒன்றும் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாலும் எனக்குக் கேட்டது.

இத்தாலியில் ஊமத்தைக்கு எங்கே போவது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவர் எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒரேத்தோ ஆற்றங்கரையில், இடித்துக் கொட்டிய கல்லுக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே அது தானாக வளர்ந்து நின்றது. முள்ளுக்காய் ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தார். தான் கோப்பை கழுவுகிற உணவகத்திலிருந்து பெரிய தக்காளி டின் இரண்டு எடுத்துவந்து பல்கனியில் வைத்து விதை போட்டார். குளிக்காமல் அதற்குத் தண்ணீர் ஊற்றமாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவ்வளவு கவனிப்பு நடக்கவில்லை.

ஒருநாள் செய்தி வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, நகராட்சியில் வந்து சத்தியப்பிரமாணம் எடுக்கவேண்டும். கொடுத்த திகதியைக் கலண்டரில் பார்த்தவர் கதிரையில் இருந்துவிட்டார். அன்றுதான் ஆனி உத்தரம். செடியில் மொட்டு விட்டிருந்தது.

"பார்த்தீரே," என்றார். "பார்த்தீரே."

எழும்பிப் பல்கனிக்குப் போய் மொட்டுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

முதல் பூ விரிந்த அடுத்தநாள் கீழ்வீட்டுக் கிழவி அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டார். அது பிசாசின் புல், மந்திரக்காரிகள் பாவிக்கிறது, உடனே எறி என்று பல்கனியிலிருந்தே கத்தினார். எங்கள் சாமியின் தலையில் இருக்கிற பூ என்று நானும் கத்தினேன். அது கிழவியின் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மகள் தொலைபேசியைத் தட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"அம்மா, இது அல்லுச்சினோஜெனோ. திண்டா இல்லாததெல்லாம் தெரியும். விசர் பிடிக்கும். செத்தும் போவினம்."

"ஆர் தின்னப்போறது? சாமிக்குத்தானே."

"பொலிசுக்கு அதைச் சொல்லுவீங்களோ?"

போதைப்பொருள் வழக்கு என்று ஒன்று வந்தால் சத்தியமும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை. பிள்ளைக்குப் பதினெட்டும் ஆகிவிடும். தூக்கி எறியுங்கோ என்று அவரிடம் சொன்னேன். அவர் டின்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

"எறிஞ்சா நேர்த்தி என்னாகிறது? குடுத்தவர் திருப்பி எடுக்கமாட்டாரோ?"

"நேர்த்தி வைச்சது நீங்கள். மறியலிலை கம்பி எண்ணுறது நானோ?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். செடி நிற்கட்டும், ஆனால் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. பல்கனிக் கம்பியைச் சுற்றிப் படுக்கைவிரிப்புக் கட்டினோம். அதுதான் நாங்கள் செய்த விசர்வேலை. வெயில் கொளுத்துகிற ஆனி மாதத்தில் ஒரு பல்கனியை நாலுபக்கமும் மூடிவைத்தால் பலெர்மோவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், உள்ளே கஞ்சா வளர்கிறதென்று. இரண்டு நாளுக்குள் மாடிப்படியில் எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது. அதுவரை முகம் பார்க்காத மூன்றாம் மாடிக்காரன் கதவைப் பிடித்து நின்று என்னை முதலில் விட்டான். கீழ்வீட்டுக் கிழவியும், முன்பு கண்ட பூ வெறும் மறைப்பு என்று நினைத்தாரோ என்னவோ, வந்து குரலைத் தாழ்த்தி, தன் முழங்காலுக்கு அதில் கொஞ்சம் எண்ணெய் காய்ச்சித் தரமுடியுமா என்று கேட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் வேலைசெய்கிற வீடு லிபெர்த்தாத் தெருவில். அங்கேயுள்ள சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி. எண்பது கடந்தும் மூளை கத்தி. அவருக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றபடி, சுற்றி வளைத்துக் கேட்டேன். என் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தியின் வீட்டில் ஒரு செடி நிற்கிறது, அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று.

"உன் தங்கச்சியின் பல்கனியைப் படம் எடுத்துக்கொண்டு வா," என்றார்.

படத்தைப் பார்த்தார். பின்னால் கம்பியில் காய்ந்த என் சோட்டியையும் பார்த்தார். அதே சோட்டியைத்தான் அன்றும் போட்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு வகுப்பு எடுத்தார். சுகாதார அமைச்சிடம் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். கடையில் இருந்த காலத்தில் அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மயக்கக் காளானில் உள்ள சரக்கு அதில் இருக்கிறது, எல்.எஸ்.டி. இருக்கிறது, அமேசன் காட்டில் காய்ச்சுகிற கசாயத்தைக்கூடச் சில வருடத்துக்கு முன் சேர்த்துவிட்டார்கள். தன் பாவனைக்கென்று கொஞ்சம் வைத்திருந்தால் மறியல் இல்லை. ஆனால் மாவட்ட அரச கந்தோரான ப்ரெபெத்தூராவுக்குக் கூப்பிட்டு சாரதிப் பத்திரத்தையும் பாஸ்போட்டையும் பறித்துவைப்பார்கள். வளர்த்தாலோ விற்றாலோ நீதிமன்றம்தான்.

ப்ரெபெத்தூரா என்றதும் என் கை நின்றுவிட்டது. என் குடியுரிமைக் கோப்பு இவ்வளவு காலமும் கிடந்ததும் அந்தக் கந்தோரில்தான்.

"இந்தச் செடி?" என்று கேட்டேன்.

"பட்டியலில் இல்லை."

"ஏன் சிஞ்ஞோரா? இது காளானைவிட மோசமெண்டு மகள் சொல்லுறாள்."

"மோசம்தான். அதாலைதான் ஒருவரும் ஆசைப்பட்டுத் தின்னிறதில்லை. எங்கடை சட்டம் இப்படித்தான். கடவுளைக் காட்டுற காளானை வளர்த்தா குற்றம். கடவுளிட்டையே அனுப்பிவிடுற செடியை வளர்த்தா ஒருத்தரும் கேட்கமாட்டினம்."

அவர் இத்தாலியனில்தான் சொன்னார். என் காதில் அது தமிழில்தான் நிற்கிறது. சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. நின்ற இடத்திலேயே அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சினேன்.

"ஒரு விசயம்," என்றார் இருமல் நின்றதும். "அதைத் தொட்டால் உன் தங்கச்சியைக் கை கழுவச் சொல்லு."

வீட்டுக்கு வந்து விரிப்பைக் கழற்றினேன். மூன்றாம் மாடிக்காரன் வெறும் ஊமத்தையைக் கண்டான். அன்றிலிருந்து கதவைப் பிடிப்பதையும் விட்டான்.

கை கழுவுகிற விசயத்தை மனுசனிடம் சொன்னேன். பூப் பிடுங்கும்போது கை கழுவவேணுமாம் என்றுதான் சொன்னேன். அவருக்கு அதை யாராவது சொல்லித்தரவேண்டுமா? சத்தியப்பிரமாணத்தன்று விடியமுன் எழும்பித் தலைக்கு முழுகி, கையை இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பூவைத் தொட்டார். எங்கள் சாதிசனத்தில் சாமிப்பூவைத் தொடமுன் கழுவாதவர் இல்லை. தொட்டபிறகு கழுவினவரை நான் இன்றுவரை காணவில்லை. அதை நினைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. நானும் அவரோடு இருந்து, காம்பின் ஈரம் கையெல்லாம் பட, மாலை கட்டினேன்.

கட்டி முடிந்ததும் அவர் மாலையை இரண்டு கையாலும் தூக்கித் தன் கண்ணில் ஒற்றினார். பிறகு என் முன்னே நீட்டினார். நானும் இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். நல்லாய் அழுத்தியே ஒற்றினேன், பிள்ளையின் காரியம் அல்லவா. மகளிடம் நீட்டினபோது அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"நான் தொடமாட்டன். நான் வாசிச்சனான்."

"சாமிப்பூவுக்கு அப்படிச் சொல்லக்கூடாது," என்று அவளுக்கு ஏச்சு விழுந்தது. ஏசியது நான்தான்.

சத்தியம் முடிந்து நேரே இங்கேயுள்ள எங்கள் சனத்தின் கோயிலுக்குப் போவதென்று மாலையைச் சோற்றுப்பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் போகும்போதே வெயில் கண்ணைக் குத்தியது. ஆனி வெயில்தானே என்று நினைத்தேன். நகராட்சி வாசலில் காவலாளி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். "நல்ல வடிவு," என்று சொல்லி மூடித் தந்தார். சிஞ்ஞோரா சொன்னது சரிதான்.

உள்ளே மூவர்ணக் கொடி, நீட்டு மேசை, அதற்குப் பின்னால் மூவர்ணப் பட்டி கட்டிய ஒரு பெண் அதிகாரி. என் பெயரைக் கூப்பிட்டுக் கையில் ஒரு தாளைத் தந்தார்.

தாளில் எழுத்து இல்லை. சாம்பல் நிறத்தில் புழு ஊர்ந்தது. கண்ணாடியைப் போட்டேன், புழு கொழுத்தது. தாளைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். கொடிகூட இரண்டாய் நின்றது. தாள் தருவினம்தானே, பாடமாக்கி என்னத்துக்கு என்று மனுசன் சொல்லியிருந்தார். நானும் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தேன். மனுசனைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய கருமணி இரண்டும் கண்ணை நிறைத்துக்கொண்டு பூனைக்குட்டியினது போல இருந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது: சிஞ்ஞோரா கை கழுவச் சொன்னது தொட்டபிறகு, கண்ணில் ஒற்றிய காம்பின் ஈரம்தான் இந்த வேலை பார்த்திருக்கிறது. சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று சத்தியம் செய்ய வந்தவள், வெறிகாரியின் கண்ணோடு அதிகாரியின் முன்னால் நிற்கிறேன்.

"சிஞ்ஞோரா, வாசிக்கலாம்," என்றார் அதிகாரி.

இன்றைக்கு விட்டால் அடுத்த திகதி எப்போது தருவார்களோ. ஆவணி கண்முன்னே வந்து நின்றது, அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாய்த் தெரிந்தது. வெளிச்சம் பட்டு இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடியது.

"அம்மாவுக்குக் கண் தெரியேல்லை," என்று மகள் அதிகாரியிடம் இத்தாலியனில் சொன்னாள். "நான் வாசிக்கிறன், அம்மா திருப்பிச் சொல்லட்டும். சரியோ?"

அதிகாரி என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து ஒரு கடதாசிக் கைலேஞ்சியை என் கையில் வைத்தார். எல்லாருக்கும் இந்த இடத்தில் அழுகை வரும், வெட்கப்படாதே என்றார். நான் ஒன்றையும் மறுக்கவில்லை.

மகள் என் தோளோடு ஒட்டி நின்றாள். பலெர்மோப் பிள்ளைகளின் இழுவையில், ஒவ்வொரு துண்டாக வாசித்தாள். குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்றாள், நான் சொன்னேன். அரசியலமைப்பையும் நாட்டின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன் என்றாள், சொன்னேன். கைதட்டல் கேட்டது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலும் அவள்தான் என் விரலைப் பிடித்து வைத்தாள்.

வெளியே வந்ததும் வெயில் வெள்ளையாக அடித்தது. மனுசன் சோற்றுப்பெட்டியை அணைத்தபடி சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். மகள் ஒருகையில் என்னையும் மறுகையில் அவரையும் பிடித்து, கோயிலுக்குப் போகப் படி இறக்கினாள்.

"அம்மா, சத்தியத்தை முதல் சொன்னது ஆர்?"

"நீதான்."

"அப்ப இந்த வீட்டிலை முதல் இத்தாலியன் நான். நீங்கள் எனக்குப் பிறகுதான்."

சொல்லிவிட்டு அவள் நின்றுவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். வெயிலில் ஒரு மங்கல் மட்டும் தெரிந்தது. இத்தனை வருடம் நான் பார்க்கக் காத்திருந்த முகம் அது.

சத்தியத்தின்போது மனுசன் எடுத்த படங்களிலாவது அந்த முகத்தைப் பார்க்கலாம் என்றால், அத்தனையிலும் நகராட்சியின் தரைதான் இருந்தது. இப்போதும் அவளிடம் கேட்பேன், அண்டைக்கு நீ சிரிச்சனியோ அழுதனியோ என்று. சொல்லமாட்டன் என்கிறாள். அன்றைக்கு எங்களுக்குள் கண் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.