கப்பலுக்குக் குளிரும்

இன்று காலை, இந்தக் குளிருக்கு முதல்முறையாக ஹீட்டரைப் போட்டதும், கம்பியில் ஒரு வருஷத் தூசி கருகும் வாசனை வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

சிறுவயதில் வடக்கே, லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்தது ஒரே ஹீட்டர். அதுவும் எங்களுக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா மரத்தில் செய்துகொண்டிருந்த பழங்காலப் போர்க்கப்பலுக்கு. குளிரில் பசை காயாதாம். நானும் தம்பியும் தரையில் உட்கார்ந்து, விரல் விறைக்க வீட்டுப்பாடம் எழுதுவோம்.

"பிள்ளைங்க நடுங்குதுங்க," என்பாள் அம்மா.

"அச்சா, சரி, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுவிடு," என்பார் அப்பா, தலை நிமிராமல்.

சூடு அதிகமாகி, ஒட்டிய பலகைகள் வளைந்து பிளந்துகொள்ளும். பிரித்துப்போட்டு மறுபடி ஆரம்பிப்பார். மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று.

அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. கப்பலோடு என் வீட்டில் இருக்கிறார். இன்று காலை, முறிந்த பாய்மரத்தை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தார். ஹீட்டரை அவர் காலடியில் வைத்தேன்.

"எனக்கு எதுக்கும்மா? கப்பல் பக்கம் திருப்பு. பசை காயணும்."

அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. ஹீட்டரைக் கப்பல் பக்கம் திருப்பிவிட்டு, இன்னொரு ஸ்வெட்டர் எடுத்துவரப் போனேன்.