அவளுடைய செல்கள்

கல்யாணமான புதிதில் என் மனைவியை ஒருமுறை நான் வேலை பார்த்த பசைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருந்தேன். செருப்பின் அடிப்பாகத்தையும் மேல்தோலையும் ஒட்டும் பசை செய்யும் இடம். ஒட்டிய பட்டையின் இரண்டு நுனிகளையும் இயந்திரத்தில் மாட்டி, மெல்ல இழுத்து, எவ்வளவு விசையில் பிய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பெருமையோடு ஒன்றை மாட்டி இழுத்துக் காட்டினேன். தோல்தான் கிழிந்தது, ஒட்டு பிரியவில்லை. எங்கள் தொழிலில் இதைவிட நல்ல முடிவு கிடையாது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு, “ஏங்க, பிய்க்கிறதுக்கா இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஒட்டுறீங்க?” என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார். அன்று முழுவதும் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் மதுரைக்காரி. எங்கள் குடும்பம் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக என் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்து மாரெட்பள்ளியில் தங்கிவிட்டது. நான் அந்த ஊர் உருதுவில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று பேசினால் பழிப்புக் காட்டுவாள். சில வருடங்களில் கீரைக்காரியிடம் அவளே ‘நக்கோ’ சொல்லப் பழகிவிட்டாள். மாதாப்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், தீப்புண் பட்டவர்களுக்காக மனிதத் தோலின் செல்களை வளர்ப்பது அவள் வேலை. செல்களைப் ‘பசங்க’ என்றுதான் சொல்வாள். தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டால்தான் அவை பிழைக்கும். ஒட்டாமல் மிதந்தால் செத்துப்போகும். தட்டு நிறைந்துவிட்டால் வளர்வது நின்றுவிடும். அப்போது ஒரு திரவத்தை ஊற்றிப் பிரித்தெடுத்து வேறு தட்டுகளில் விட வேண்டும். அங்கே மறுபடியும் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றுக்குப் பண்டிகை, விடுமுறை எதுவும் கிடையாது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு, “பசங்களுக்குச் சாப்பாடு மாத்திட்டு ஓடியாந்துர்றேன்” என்று கிளம்பிவிடுவாள். நானும் மகளும் அதிரசத்தை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

எங்கள் சண்டைகள் பெரும்பாலும் எது உண்மையான ஒட்டு என்பதைப் பற்றித்தான். “உங்க பசை காஞ்சா அத்தோட கதை முடிஞ்சது. எம் பசங்க விட்டுட்டு நகந்து போயி, வேற எடத்துல பிடிச்சுக்கிருவாங்க” என்பாள். விட்டுவிட்டுப் போவதெல்லாம் ஒட்டுவதில் சேர்த்தியா என்று நான் கேட்பேன். ஒருமுறை மகளின் பள்ளிக்காகச் சமையல் மேடையில் படிகாரக் கல் வளர்த்தோம். சின்னத் துண்டு ஒன்றை நூலில் கட்டிப் படிகாரக் கரைசலில் தொங்கவிட்டால், கரைந்திருப்பது அதன் மேல் அடுக்கடுக்காகப் படிந்து கல் பெரிதாகும். நான் சும்மா இருந்தேனா? எவ்வளவு வளர்ந்தது என்று தினமும் காலையில் நூலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கடைசியில் பளிங்குபோல ஒரே கல்லாக வராமல், குருணை குருணையாக அப்பிக்கொண்டு நின்றது. மகள் அழுதாள். “வளர்றதைப் போயி தொந்தரவு பண்ணலாமா? இவரை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது!” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்க்க இப்போது ஏங்குகிறேன்.

போன வருட மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு ஓய்வுபெறும் வயதுகூட ஆகவில்லை. இருவரும் சேர்ந்து கிழமாவோம், அவள் முழங்காலுக்கு நான் தைலம் தேய்ப்பேன், எனக்குக் காது கேட்காமல் போய் அவள் கத்தித் தீர்ப்பாள் என்றெல்லாம் பேசிவைத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்று இன்றைக்கும் அவள் மேல் எனக்குக் கோபம்தான்.

சில மாதங்களுக்கு முன், அவளோடு வேலை பார்த்த குகட்பள்ளித் தமிழ்ப் பெண் போன் செய்தாள். ஆராய்ச்சிக்கூடம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறதாம், உறைகுளிரில் செல்களைச் சேமித்துவைத்த பழைய குழாய்களைக் கழிக்கிறார்களாம். “அங்கிள், ஒரு டியூப்ல ஆன்ட்டியோட செல்ஸ் இருக்கு. உங்களக் கேக்காம தூக்கிப் போட மனசு வரல” என்றாள். நல்ல தோல் தேவைப்பட்ட ஒரு சமயத்தில் என் மனைவியே தன் முன்கையிலிருந்து பயறளவு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அன்று கையில் கட்டோடு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. “தோல் தானம்” என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ‘உம்’ கொட்டினேன்.

வளர்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். இத்தனை வருடம் உறைந்து கிடந்தவை ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது, உருக்கித் தட்டில் விட்டு மறுநாள்தான் தெரியும் என்றாள். அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ ஒட்டுகளைச் சோதித்திருக்கிறேன். ஒன்றுக்காகவும் சாமி கும்பிட்டதில்லை. மறுநாள் நுண்ணோக்கியில் குனிந்தேன். ஒட்டியிருந்தன. நீள நீளமாக, ஓடைமீன்களைப்போல ஒரே திசையில் படுத்திருந்தன. வாய்விட்டு அழுதுவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இனி என்ன செய்வது என்று அவள்தான் மெதுவாகக் கேட்டாள். இங்கேயே நிறுத்திவிடலாம், இல்லையென்றால் தட்டு நிறையும்போதெல்லாம் பிரித்துப் பிரித்து வளர்க்கலாம், புதிதாகச் சேர்ந்தவர்கள் கை பழக அது உதவும், ஆராய்ச்சிக்கூடப் பொறுப்பிலிருக்கும் மேடமும் சரி என்றுவிட்டார் என்றாள். “எவ்வளவு காலம்மா வளரும்?” என்று கேட்டேன். “எப்பவுமே வளந்துக்கிட்டே இருக்காது அங்கிள். அதுக்கும் ஏஜ் ஆகும். பெருசாகி, தட்டையாகி, டிவைட் ஆகறத நிறுத்திரும். ஆனா ஒட்டிக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்போ அதுவரைக்கும் இருக்கட்டும்மா” என்றேன்.

வியாழன்தோறும் பஸ் பிடித்துப் போகிறேன். ஓரமாக நின்று, என் முறை வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் திரும்பிவிடுவேன். அந்தச் செல்கள் அவளுடையவைதான்; அவற்றில் ஒன்றுக்கும் என்னைத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் போகிறேன். போன வாரம் பார்த்தபோது அவை கொஞ்சம் பெருத்து, அகன்று படிந்திருந்தன. “ஸ்லோ ஆயிடுச்சு அங்கிள்” என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? என் மனைவிக்கு வயதாகத் தொடங்கிவிட்டது.