பள்ளத்தில் தங்கும் எண்ணெய்

காலை 9.10. கோச்சடையில் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. நாகமலை புதுக்கோட்டைக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ நூற்றெண்பது ரூபாய்.

"பையில என்னண்ணே, கல்யாணப் பத்திரிகையா?" என்றார் டிரைவர்.

"கடலுக்கு அடியில போற குழாயோட படம்."

"மதுரையில உக்காந்துக்கிட்டா?" காளவாசல் தாண்டும்வரை சிரித்தார். நியாயமான சிரிப்புதான். முப்பது வருடமாகக் கடல் குழாய் வடிவமைக்கிறேன். நான் கடலில் கால் நனைத்தது ராமேஸ்வரத்தில் மட்டும்.

இந்தக் குழாய் இருபத்திரண்டு கிலோமீட்டர். எண்ணெயும் வாயுவும் ஒன்றாகக் கலந்து, ஆட்கள் வேலை பார்க்கும் மேடைக்கு இதில் போய்ச் சேரும். எங்கள் தொழிலில் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் சாந்தி. என்னோடு வேலை பார்த்தவர். இப்போது நாகமலை புதுக்கோட்டையில் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையும் செய்கிறார். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஃபைல் ரொம்பப் பெரிசு, போகமாட்டேங்கிறது என்று போனில் பொய் சொன்னேன். எதிரே உட்கார்ந்து பேச எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

9.45. "வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு!" என்றார் சாந்தி.

காபி ஆறுவதற்குள் சாந்தியின் பேனா படத்தில் கடல் தரையைக் காட்டும் கோட்டில் நின்றுவிட்டது. "என்னண்ணே, கடல் தரைய நம்ம வயக்காடு மாதிரி சமமாக்கிட்டீங்க?"

"சின்னச் சின்னப் பள்ளம்தான். எடுத்துட்டா கம்ப்யூட்டர் கணக்க சீக்கிரம் முடிச்சிருது."

என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் மோட்டாரைப் போட்டார். போர்வெல்லில் தண்ணீர் குறைவு, காற்றும் சேர்ந்து வந்தது. வரப்பேறி இறங்கிக் கிடந்த ஹோஸில், பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக்கொண்டது. முனையில் ஒரு சொட்டுகூட இல்லை. பின்னால் சேர்ந்த காற்று திடீரென்று தள்ள, மொத்தமும் பாய்ந்து வந்து வாளியைக் கவிழ்த்துவிட்டது.

"வாளிய நிமித்தி வச்சிரலாம். அங்க மேடையில ஆளுங்க நிக்கிறாங்களேண்ணே."

தெரியாத விஷயமில்லை, தெரிந்தே விட்டதுதான் வெட்கமாக இருந்தது. அங்கே வாளிக்குப் பதில், எண்ணெயையும் வாயுவையும் பிரிக்க நான் அளவு சொன்ன தொட்டி. அது நிரம்பி, வாயு வெளியேறும் குழாய்க்குள் எண்ணெய் ஏறினால் உயிருக்கே ஆபத்து. சாந்தி கையெழுத்துப் போடவில்லை.

11.20. அவர் வீட்டு வாசலிலிருந்தே இந்த வேலையைக் கொடுத்த மும்பை கம்பெனி மேலாளருக்குப் போன் செய்தேன். பள்ளங்களை எடுத்தது நான்தான், கணக்கு தப்பு, பத்து நாள் வேண்டும் என்றேன். பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சாந்திக்கு எல்லாம் கேட்டிருக்கும். "பத்து நாள் கழிச்சும் ஃபைல் பெருசாத்தானண்ணே இருக்கும்?" என்றார். பொய்யென்று தெரிந்தேதான் வரச் சொல்லியிருக்கிறார்.

"ஆமா, ரொம்பப் பெருசு. வாரேன்மா."

12.05. திரும்புவதற்கு டவுன் பஸ். தேனி ரோட்டில் எத்தனை மேடு பள்ளம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போய், எடுத்த பள்ளங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க வேண்டும். பத்து நாளைக்கு வேலை இருக்கிறது. அது முடிந்ததும் ஒரு தடவை இந்த ரோட்டில் வரலாம். அதற்கப்புறம் வருவதற்கு என்னிடம் ஃபைல் இல்லை.