கட்டிலை எண்ணிய படிவம்

மாவட்டச் சுகாதாரப் புள்ளியியல் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஓடவில்லை. அதை மாற்றி வாங்குவதற்கான நடைமுறை எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்துக்கு என்னை மறுபடி வரவழைத்தது ஒரு கணித மாதிரி. எச்.ஐ.வி. பரிசோதனை வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய, சென்னையிலிருந்து கணிதம் படித்த ஓர் இளம்பெண் வந்திருந்தார். பழைய தரவுகளை அவருக்கு விளக்க ஆள் தேவைப்பட்டது. ஓர் ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பரிசோதித்துக்கொண்டார்கள், தொற்று இருப்பவர்கள் எவ்வளவு சீக்கிரம் மருந்தைத் தொடங்குகிறார்கள் என்பதையெல்லாம் கொடுத்தால், வண்டி எங்கே நின்றால் அதிகத் தொற்றைத் தடுக்கலாம் என்று அவருடைய மடிக்கணினி சொல்லிவிடும். என் காலத்தில் அதிகாரியின் மாமனார் ஊர் எது என்று பார்த்து முடிவு செய்வோம். ஆகவே மாதிரி எனக்குப் பிடித்துப்போனது.

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் நிற்கும் வண்டியை வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாம் என்றது மாதிரி. அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய எல்லோருமே பரிசோதித்துக்கொண்டுவிட்டார்களாம். வண்டியின் ஆலோசகர், படப்பைக்காரப் பெண்மணி, கூட்டத்திலேயே எழுந்துவிட்டார்.

"டெய்லி புது மூஞ்சிங்க வருது சார். எல்லாருக்கும் பண்ணியாச்சுன்னா, நான் இன்னா பேய்ங்களுக்கா டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன்?"

"அக்கா, டெஸ்ட் பண்ணவங்க நம்பர் அங்க இருக்கிற ஜனத்தொகையைவிட ஜாஸ்தியா வந்துச்சு. ஒரே ஆளு ரெண்டு தடவை வந்திருப்பாங்கன்னு நான்தான் குறைச்சேன்" என்றார் கணிதப் பெண்.

"ரெண்டு தடவை வந்தா எனக்குத் தெரியாதா? வண்டி போச்சுன்னா பசங்க லீவு போட்டுட்டு காஞ்சிபுரம் போணும். கம்பெனி லைன்ல எவன் லீவு குடுக்கறான்? டெஸ்ட்டே வாணாம்னு இருந்துடுவானுங்க. ஒடம்பு படுத்தப்புறம்தான் மருந்துக்கு வருவானுங்க."

உத்தரவு கையெழுத்தாவதற்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம் என்று நாங்கள் மூவரும் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் தொழிலாளர் விடுதிகளுக்குப் போனோம். முதல் விடுதியின் உரிமையாளர் உள்ளூர்க்காரர். விற்றது போக மிஞ்சிய நிலத்தில் மூன்று மாடி எழுப்பி, தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"எத்தனை கட்டில்?" என்று கேட்டேன்.

"முப்பது சார். நீயே எண்ணிக்கோ. பொய் சொன்னா நாக்கு அழுகிடும்."

எண்ணினேன். முப்பதுதான். மாடி ஏறிய களைப்பில் காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்து படிவத்தில் குறித்தேன். பிற்பகல் மூன்றரை மணி. கீழே கம்பெனி பஸ் வந்து நின்றது. சீருடையோடு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க ஷிப்ட்டு முடிஞ்சிட்டுன்னா எந்திரிக்கியளா? நான் கொஞ்சம் ஒறங்கணும்" என்றார், திருநெல்வேலிப் பேச்சில்.

"இது உங்க கட்டிலா?"

"ராத்திரி பதினொண்ணு வரைக்கும் என்னது. அப்புறம் ரெண்டாம் ஷிப்ட்டுக்காரன் வருவான். காலையில நைட் ஷிப்ட்டுக்காரன். அவனோட நமக்குப் பழக்கமே கெடையாது, அவன் தலைக்குத் தேய்க்க எண்ணெ வாசனை மட்டும் தெரியும். நீங்கதான் அந்த ஆளுன்னு நெனச்சிட்டேன்."

எழுந்து நின்று உரிமையாளரைப் பார்த்தேன். "ஒரு கட்டிலுக்கு மூணு பேரா? ஏன்யா சொல்லலை?"

"ஃபாரத்துல கட்டில் எத்தினின்னுதான் கீது. ஆளு எத்தினின்னு எவன் கேட்டான்? மொதல்ல எவன் சார் இந்த ஃபாரத்தைப் போட்டவன்?"

ஆலோசகர் சிரிப்பை அடக்க முயலவே இல்லை. படிவத்தின் மூலையில் இருந்த தயாரித்தவர் பெயரை அவர் காலையிலேயே படித்திருந்தார். "சொல்லுங்க சார், எவன் போட்டது?"

நான்தான் போட்டேன். விடுதிகளுக்குக் கொசுவலை கொடுத்த காலத்தில் தயாரித்தது. கட்டிலுக்கு ஒரு வலை. ஆகவே கட்டிலை எண்ணச் சொன்னேன். வலைக்கு அது நல்ல படிவம். பிறகு யாரோ நான்காம் பத்தியில் இருந்த கட்டில் எண்ணிக்கையை மக்கள்தொகை என்று எடுத்துக்கொள்ள, அது கோப்புக்குக் கோப்பு தாவி, கடைசியில் மடிக்கணினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைத் தாவவிட்டவன் யார் என்று விசாரித்தால் அதுவும் நானாக இருக்கலாம் என்பதால் விசாரிக்கவில்லை.

அடுத்த நாட்களில் ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து விடுதி விடுதியாகப் போய்த் தலைகளை எண்ணினோம். எல்லா இடத்திலும் கட்டிலுக்கு மூவர் இல்லை, இருவராவது இருந்தார்கள். ஆனால் பதிவான தரவைத் திருத்த எழுத்துமூல விளக்கம் வேண்டும். "நான்காம் பத்தி என்னால் வடிவமைக்கப்பட்டது. அது கட்டில்களைக் குறிக்கும், மனிதர்களை அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் பணிக்காலம் முழுவதிலும் இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

புதிய எண்களோடு மாதிரியை மறுபடி ஓட்டினார் கணிதப் பெண். பரிசோதிக்காதவர்கள் ஏராளம் என்றது அது. "நம்பர் அப்பவே கத்துச்சு சார். நான்தான் வாயைப் பொத்திட்டேன்" என்றார். வண்டி ஒரகடத்திலேயே நிற்கலாம் என்றும், காலையில் நிற்பதைவிட ஷிப்ட் முடியும் நேரத்தில் நின்றால் பலன் அதிகம் என்றும் முடிவு வந்தது. கையெழுத்தாக இருந்த உத்தரவும் அதன்படி மாறியது.

"இதைத்தானே நான் மூணு வருசமா சொல்லிக்கினு கீறேன்? கம்ப்யூட்டர் சொன்னாத்தான் ஒங்களுக்குக் காது கேக்கும்" என்றார் ஆலோசகர்.

புதிய நேரத்தின் முதல் நாள் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் முதலில் ஏறுவதாக இல்லை. ஆலோசகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க ஏறுங்க. பெரியவரே பண்ணிக்கிறாருன்னு பசங்களுக்குத் தைரியம் வரும்."

"எனக்கு எதுக்கும்மா, இந்த வயசுல?"

"ஃபாரத்துல வயசு வரம்பு கீதா?"

இல்லை. ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். ஆலோசனையைக் கேட்டு, அதில் கையெழுத்திட்டு, விரலை நீட்டினேன். எறும்பு கடித்த அளவுதான். பஞ்சை அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தபோது, வண்டிப் படியில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"அண்ணாச்சி," என்றார் அந்தத் திருநெல்வேலி இளைஞர், "ஒங்க ஷிப்ட்டு முடிஞ்சிட்டா?"

எழுந்து இடம் விட்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படியேறினார்கள்.