கேரியரில் வந்த சூசை

என் பெயர் சுடலைமுத்து. சுடலைமாடன் பெயரை வைத்துக்கொண்டு பேய் பிசாசை நம்பாத ஆள் ஏரல் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோயில் கொடை சமயத்தில் சாமியாடி சுடுகாட்டு வேட்டைக்குப் போய்த் திரும்புகிற பாதையில் குறுக்கே யாரும் நிற்கக்கூடாது என்பார்கள், அந்தப் பாதையிலேயே பாயை விரித்துப் படுத்துப் பார்த்தவன் நான். கொசு கடித்ததுதான் மிச்சம். அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது, அதுவும் இருட்டில் இல்லை, நல்ல பகல் வெளிச்சத்தில் நடந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தோணியில் ஓடிக்கொண்டிருந்த சூசை என் கூட்டாளி. புன்னைக்காயல்காரன், என் வயதுதான். கடலை விட்டால் அவனுக்கு ஏரல் சந்தை தெரியும், ஸ்ரீவைகுண்டம் தெரியும், அதற்கு மேற்கே உலகமே கிடையாது.

அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்து ஊருக்குப் போனேன். வைத்தியர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா வாயில் வேறு பேச்சே இல்லை, "வடிவு, வடிவு" என்று அக்கா பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவைக் களக்காட்டுக்கும் மேற்கே மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பொங்கல்படிச் சீர் கொண்டுபோன இடத்தில் அப்பா அத்தானை நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோயிற்று. அக்கா வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

ரயிலை நம்ப முடியாது, நினைத்தால் வரும். பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது, பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்கள், மேடு கண்டால் நின்றுவிடும். நான் சைக்கிளை எடுத்தேன். அந்த வழி எனக்கு மனப்பாடம். ஆற்றை ஒட்டியே ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர், பாளையங்கோட்டை, பிறகு தருவை, அங்கிருந்து பச்சையாற்றுக் கரையோடு மேற்கே ஏறினால் களக்காடு. நல்ல ரோடு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் சரளும் வண்டித்தடமும். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தளர்வாகப் பிடித்து, சக்கரத்தை அதன் போக்கில் விட்டு ஓட்ட வேண்டும், இறுக்கிப் பிடித்தால் சரள் வாரிவிடும்.

"இந்த மாதிரி சேதிய எடுத்துக்கிட்டு ஒத்தையில போகக்கூடாதுய்யா, யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் அம்மா. யாரைத் தேடுவது? தனியாகத்தான் கிளம்பினேன்.

நன்றாக விடிந்துவிட்டது. ஊர் தாண்டி ஆற்றோரப் பாதை திரும்புகிற இடத்தில் சூசை நிற்கிறான்.

"ஏலே சுடலை, ஒத்தையிலயா போற? நானும் வாரேன்."

"நீ எங்கலே இங்கன?"

"சும்மாதான். ஏறட்டா?"

அவன் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருகிறவன், அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அப்பா விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான் என்றே நினைத்தேன், மனசுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஏறிக்கொண்டான்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது மிதிக்கிறவன் காலுக்குத் தெரியும். பின்சக்கரம் அமுங்கி ஒவ்வொரு கல்லிலும் இடித்துக்கொண்டே வந்தது. "ஆடாம இருலே" என்று திட்டினேன். மேடு வந்தால் குதித்து இறங்கி, கேரியரில் கை வைத்துத் தள்ளுவான். மேட்டில் வண்டி லேசாகிப்போய் ஓடியதை என் தொடை உணர்ந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் நிறுத்தி, "அண்ணாச்சி, ரெண்டு காப்பி" என்றேன். கடைக்காரர் இரண்டு தம்ளர் வைத்தார். சூசை வேண்டாம் என்று தலையசைத்தான், இரண்டையும் நானே குடித்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னத்தைப் பார்த்தார் என்று இன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

வழக்கமாக வாய் ஓயாதவன் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. பச்சையாற்றுக் கரையில் ஏறியதும், எதிரே மலை முழுசாகத் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"கடல்ல இருந்து இதப் பாத்துத்தாம்லே கரை அடையாளம் வைப்போம். அங்கன இருந்து பாத்தா கையளவு இருக்கும். இம்புட்டுப் பெருசாலே இது?"

"மலைன்னா பின்ன எப்படி இருக்கும்?"

"எனக்கு இங்கன பிடிச்சிருக்குலே" என்றான்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே அக்கா ஊருக்குப் போய்விட்டோம். ஊருக்கு வெளியே ஓடைக்கு ஒரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் கல் கட்டை. சூசை அங்கேயே இறங்கிவிட்டான். "குடும்பச் சண்டைக்குள்ள நான் எதுக்குலே? நீ போய்ட்டு வா." கட்டையில் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

அத்தான் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நிறுத்தியே கேட்டார்.

"அவரு வரச் சொன்னாராக்கும்? எங்கிட்ட என்ன சொன்னாருன்னு ஒனக்கு நெனவிருக்கா?"

"இருக்கு அத்தான்."

"பொறவு என்னத்துக்கு வந்த?"

"அக்கா பேரயே சொல்லிக்கிட்டுக் கெடக்காரு அத்தான். நாளைக்கு இருப்பாரான்னு தெரியல."

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, அத்தான் முகத்தையே பார்த்தாள். அவர் உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்து, குனிந்து என் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். "வண்டி கட்டிப் போனா நேரத்துக்குப் போய்ச் சேராது. ஏளா, சைக்கிள்லயே போ. நான் காலையில வண்டி பூட்டி வாரேன்" என்றார். அப்போதுதான் அக்கா அழுதாள்.

அக்காவை ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். சூசை அதே கட்டையில் இருந்தான். ஒரு சைக்கிளில் மூன்று பேர் போக முடியாது. ஓட்டத்தைக் குறைத்து, "களக்காட்டுல ஏதாவது வண்டி பிடிச்சு வந்துருலே" என்றேன்.

"நீ அக்காவ கொண்டு போய் விடு. நான் இங்கனயே இருக்கேன். பொறவு வந்து என்னயக் கூட்டிட்டுப் போ."

"சரிலே" என்றேன். அப்பா நினைப்பில் இருந்தவன் வேறென்ன சொல்வேன்? மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கி, விடிந்ததும் புறப்பட்டு வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு நினைவு இருந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மாப்பிள்ளை வரலியாளா?" என்று கேட்டார். அத்தானும் மறுநாள் வந்தார், இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் அப்பா போனார். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

துஷ்டிக்கு வந்தவர்களோடு சூசையும் வந்தான்.

"வண்டி கெடைச்சுதாலே?" என்று கேட்டேன்.

"என்ன வண்டி? புன்னைக்காயல்ல இருந்து நடந்துதாம்லே வாரேன்" என்றான். கூட வந்த தோணித் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர், என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: "காத்து விழுந்து போச்சுய்யா. பாயி அசையாம இந்த வாரம் பூரா நடுக்கடல்லதான் கெடந்தோம். நேத்து ராத்திரிதான் கரை சேந்தோம், வந்ததுமே சேதி. இல்லன்னா சூசை முன்னாலயே வந்திருப்பான்."

அப்படியானால் என் கேரியரில் வந்தது யார்? துக்க வீட்டில் அதை யாரிடம் கேட்பது? அப்புறமும் சூசையிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான் என்று ஒரு கூச்சம். அக்காவிடம் மட்டும் கேட்டேன். "பாலத்துல யாரையும் நான் பாக்கலியே தம்பி. நீ திரும்பி என்னமோ சொன்ன, ஒனக்கு நீயே பேசிக்கிடுதன்னு நெனச்சேன்" என்றாள். சரி, பசி, அலைச்சல், அப்பா கவலை, மூளை குழம்பிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் அதைத்தானே சொல்லப்போகிறீர்கள்? சண்டை முடிகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சண்டை முடிந்த பிறகு சூசைக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. புன்னைக்காயலுக்குப் பார்க்கப் போனேன். அவன் பெண்டாட்டி கஞ்சி எடுத்துவர அந்தப் பக்கம் போயிருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், பார்வை தெளிவாக இருந்தது. மெதுவாகச் சொன்னான்.

"பாலத்துக் கல்லு சுடுதுலே சுடலை. மலைய பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. எப்பம்லே என்னயக் கூட்ட வருவ?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பாலத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. என் அக்கா முகத்தைக்கூட அவன் துஷ்டி வீட்டில் பார்த்ததோடு சரி.

சூசை பிழைத்துக்கொண்டான். காய்ச்சலில் பேசியது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. இன்றைக்கும் கல்லுக்குண்டாக இருக்கிறான், போன வாரம்கூட வந்து மீன் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா தன் ஊர்க் கொடைக்கு ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுகிறாள், நான் முழங்கால் வலி என்று சொல்லிவிடுகிறேன். போய், அந்தப் பாலத்தில் நின்று, "வாலே போவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால் சூசை இங்கே அவன் வீட்டில் நன்றாக இருக்கிறானே. அங்கே நான் கூப்பிட்டு, ஒருத்தன் எழுந்து வந்து கேரியரில் உட்கார்ந்துவிட்டால், அவனை நான் யார் வீட்டில் கொண்டுபோய் இறக்குவேன்?